வேப்பமரம் கருகுகிறதே!

கேள்வி: எங்கள் தெரு வேப்பமரம் மழைக்காலம் முடிந்ததும் நுனி நுனியாகக் கருகுகிறது. அம்மன் கோபம் என்கிறார் எதிர்வீட்டுப் பாட்டி. வெட்டிவிடலாமா? இது கிண்டிக் காட்டுக்கும் பரவுமா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: பாட்டியிடம் சொல்லுங்கள், அம்மன் மேல் பழி வேண்டாம். இது நுனிக்கருகல் நோய். ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையின் வேலை. 1997-ல் கர்நாடகத்தில் இதை அடையாளம் கண்டு எழுதினார்கள். தேயிலைக் கொசு என்ற பூச்சி இளந்தளிரைச் சாறு உறிஞ்சினாலும் இப்படித்தான் கருகும். இரண்டும் சேர்ந்தும் வரும். பூச்சிவிரட்டிக்கே பூச்சி! 2021-ல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேம்புகள் கருகின.

அவசரப்பட்டுக் கோடரி எடுக்காதீர்கள். கோடையில் பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்க்கும். பூவும் காயும்தான் அடிபடும்.

கிண்டிக்குப் பரவுமா? 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தோம், பின்னர் வேலியும் போட்டோம். வேலி மானை நிறுத்தும், மழைத்துளியிலும் காற்றிலும் வரும் பூஞ்சை வித்துகளை நிறுத்தாது. ஆஸ்திரேலியாவில் 2010-ல் தென்பட்ட ஒரு துருநோய், நாவல், கொய்யா குடும்ப மரங்களைத் தாக்கியபடி குயின்ஸ்லாந்தின் பாதுகாக்கப்பட்ட மழைக்காடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஹவாயில் ஓஹியா மரங்கள் பூஞ்சையால் கூட்டமாகச் சாக, காட்டுக்குள் போகிறவர்களைச் செருப்பு மண்ணைத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். நம் வேப்பம்பூஞ்சை அவ்வளவு கொடியதல்ல.

தெருமரத்தை வெட்ட மாநகராட்சி அனுமதி வேண்டும். இப்போதைக்கு, அடிமரத்தைச் சிமெண்ட் நெருக்கினால், அதைப் பெயர்க்கச் சொல்லி மாநகராட்சியிடம் கேளுங்கள். சித்திரை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.