கண்காட்சிக் காரும் செட்டிப்பாளையம் ஓடுதளமும்

பல்லடம்



வாகன வடிவமைப்புப் படிப்பின் கடைசிக் கட்டம் கண்காட்சி. 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம், தன் காந்திநகர் வளாகத்தில் இத்துறைக்கென முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. இத்தகைய படிப்புகளில் மாணவரின் வேலை பென்சில் படத்தில் தொடங்கிக் களிமண் மாதிரியில் வந்து நிற்கும். பெரும்பாலும் அசல் காரின் கால் பங்கு அளவு.

இந்தக் களிமண் வயல் மண் அல்ல, மெழுகும் எண்ணெயும் கலந்தது. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும். நுரைக் கட்டையின் மேல் அதை அப்பி, எஃகுச் சுரண்டியால் சீவுவார்கள். பிறகு பளபளப்பான படலம் ஒட்டி விளக்கைக் காட்டுவார்கள். ஒளிக்கோடு எங்காவது நெளிந்தால் அந்த இடத்தில் மேடோ பள்ளமோ இருக்கிறது. மறுபடியும் சீவ வேண்டியதுதான்.

அழகான மாதிரி செய்வது பாதி வேலை. ஓட்டுநரின் முழங்கால் எங்கே இடிக்கும், சக்கரம் திரும்ப இடமிருக்கிறதா என்பதையெல்லாம் கால் பங்கு மாதிரி மறைத்துவிடும். அதைச் சோதிக்கும் இடம் பல்லடத்துக்கு மேற்கே செட்டிப்பாளையத்தில் இருக்கிறது.

கோவை மில் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் பந்தயம் பழகியது அந்த வகைக் காரில்தான். கரிவர்தன் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய செட்டிப்பாளையம் ஓடுதளமான கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம்.

2017 முதல் ஃபார்முலா பாரத் போட்டி இங்கே நடந்துவருகிறது. அமெரிக்காவில் 1981இல் தொடங்கிய ஃபார்முலா எஸ்ஏஇ போட்டியின் வழியில் வந்தது இது. கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய காரைக் கொண்டுவருவார்கள். நம் நாட்டு அணிகள் பல, கேடிஎம் 390 பைக்கின் 373 சிசி எஞ்சினைப் பொருத்துகின்றன. பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. பணம் உள்ளவர் பெரிய எஞ்சின் வாங்கி முந்திவிடாமல் இருக்க நல்ல ஏற்பாடு.

ஓடுவதற்கு முன் சோதனை. காரை 60 டிகிரி சாய்ப்பார்கள். எண்ணெய் சொட்டக் கூடாது. பெல்ட் மாட்டி உட்கார்ந்த ஓட்டுநர் ஐந்தே விநாடியில் வெளியே வர வேண்டும். பிரேக் மிதித்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். இவற்றில் தேறாத கார், பெயின்ட் எவ்வளவு மின்னினாலும், பந்தயத்தில் இறங்காது.

மொத்தம் 1000 மதிப்பெண். அதில் 325 கார் நின்றபடியே கிடைப்பது: வடிவமைப்பு விளக்கம், செலவுக் கணக்கு, வணிகத் திட்டம். வடிவமைப்புக்கு மட்டும் 150. ‘இந்தக் குழாயை ஏன் இங்கே வைத்தீர்கள்?’ என்று நடுவர் கேட்பார். ‘போன வருஷ காரில் அப்படி இருந்தது’ என்றால் மதிப்பெண் போய்விடும். கணக்கும் சோதனை அளவும் கையில் இருக்க வேண்டும். கண்காட்சிக்குப் போகிறவரும் மாணவரிடம் இதையேதான் கேட்க வேண்டும்.

இப்போது மின்சாரக் கார்களும் வந்துவிட்டன. சென்னை ஐஐடியின் ரஃப்தார் அணி, தன் முதல் மின்சாரப் பந்தயக் காரான ஆர்எஃப்23ஐ 2022 நவம்பரில் வெளியிட்டது. மின்சாரக் கார்களில் பெட்ரோல் கசிவுக்குப் பதிலாக மின்காப்பும் பேட்டரிச் சூடும் கவலை.

குழாய் வெட்டவும் வெல்டிங் பிடிக்கவும் தெரிந்த கை இந்த அணிகளில் பெரிய சொத்து. விசைத்தறி ஓடும் பல்லடம் வட்டாரத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. விடுமுறையில் அங்கே போய் நின்று பார்ப்பது வீண்போகாது. படிப்பில் சேர, காந்திநகருக்கு டிஏடி தேர்வு. ஐஐடி மும்பையின் ஐடிசி வடிவமைப்புப் பள்ளியில் முதுநிலைக்கு சீட் (CEED) தேர்வு. இரண்டிலும் கையால் படம் வரையச் சொல்வார்கள்.