சிறந்த ஆட்டக்காரர் யார்?



ஆண்டுதோறும் தம் ஆட்டக்காரருள் சிறந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டுதல் காற்பந்துக் கழகங்களின் நல்வழக்கமாகும். அப்பரிசு யாருக்குரியது? 'கோல் அடித்தவருக்கே' என்று உங்களுட் பலர் உடனே விடை கூறுவீர்கள். அவ்விடை சரிதானா என்பதை ஆராய்வோம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை நம் தோட்டத்துப் பிள்ளைகளும் நன்கறிவர். அதன் புகழ்மிக்க நிர்வாகியாக விளங்கிய சர் மேட் பஸ்பியின் பெயரால் 1988ஆம் ஆண்டு முதல் சிறந்த ஆட்டக்காரர் விருது வழங்கப்பட்டு வருகின்றது. ரசிகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். முதல் விருதைப் பெற்றவர் பிரையன் மெக்ளேர் என்னும் தாக்குதல் ஆட்டக்காரர். ஆனால் 2014, 2015, 2016 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து அவ்விருதை வென்றவரோ டேவிட் டி கியா என்னும் கோல் காவலர். 2018இலும் அவருக்கே அது கிட்டியது. கோல் அடித்தவரை மட்டுமன்றிக் கோல் விழாமற் காத்தவரையும் அந்த ரசிகர்கள் கண்டுகொண்டனர்.

எல்லா இடத்திலும் இவ்வாறு நிகழ்வதில்லை. 1956இல் ஐரோப்பாவில் தொடங்கிய 'தங்கப் பந்து' விருதை ஆடவருள் பெற்ற ஒரே கோல் காவலர், சோவியத் நாட்டின் லெவ் யாஷின் ஆவார். அவர் பெற்ற ஆண்டு 1963. காரணம் யாது? அடித்த கோல் செய்தித்தாளில் எண்ணாக அச்சாகின்றது. தடுத்த பந்து பார்த்தவர் நினைவில் மட்டுமே நிற்கின்றது.

நம் நாட்டு வரலாற்றையும் நோக்குவோம். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், மலேசியா தென் கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றது. வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். கோல் கம்பங்களுக்கிடையே காவல் நின்றவர் சிலாங்கூர் ஆட்டக்காரரான நம் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பற்றும் திறத்தால் மக்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்றழைத்தனர். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தது. 1988 டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் மறைந்தார். அடித்தவரும் காத்தவரும் சேர்ந்தே அவ்வெற்றி பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

தோட்ட வேலையிலும் இவ்வுண்மையைக் காணலாம். செம்பனைக் குலையை வெட்டிச் சாய்ப்பவரை எல்லாரும் பார்ப்பர். குனிந்து உதிரிப் பழம் பொறுக்குபவரைப் பார்ப்பவர் சிலரே. எனினும் நன்கு பழுத்து உதிர்ந்த அப்பழத்தில்தான் எண்ணெய் மிகுதி.

கோல் அடிப்பவனுக்கே எப்போதும் பரிசு என்றால், சிறுவர் எல்லாரும் முன்னே ஓடுவர். பின்னே காவல் நிற்க எவனும் வாரான். நின்றவனும் நாளடைவில் மனம் சோர்ந்து திடலை விட்டே அகல்வான். பரிசு ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும். ஆனால் நாம் எதை மதிக்கின்றோம் என்பதை அது எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கின்றது.

ஆகவே, மாணவர்களே, அடுத்த ஆட்டத்தின்போது ஒரு குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள் வரையுங்கள்: அடித்த கோல், தோழனுக்குக் கொடுத்த நல்ல பந்து, எதிரணியிடமிருந்து மீட்ட பந்து, தடுத்த கோல். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் கோடிட்டு எண்ணுங்கள். நடுவர் தீர்ப்பை முகம் சுளிக்காமல் ஏற்றவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், யார் சிறந்தவர் என்று கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை ஆடிவிட்டு வீடு திரும்பியதும், 'எத்தனை கோல் அடித்தாய்?' என்று மட்டும் கேளாதீர்கள். 'இன்று யாருக்கு உதவினாய்?' என்றும் கேளுங்கள். அவ்வினா அவனை நல்ல ஆட்டக்காரனாக்கும்; நல்ல மனிதனாகவும் ஆக்கும்.