கோடையும் கொண்டலும்: காற்று வீசும் காரணம்

ஆனி, ஆடி மாதங்களில் வண்ணார்பேட்டை ஆற்றங்கரையில் மேல்காற்று ஓயாது வீசுகின்றது. தாமிரபரணியில் நீர் பெருகி வருகின்றது. ஊரிலோ மழை அரிது. ஐப்பசி பிறந்ததும் காற்றுத் திசை மாறுகின்றது. மழை நம் தலைமீதே பொழிகின்றது. இதன் காரணத்தை அறிவது, கார் சாகுபடி செய்யும் உழவர்க்கும் பாவு விரிக்கும் நெசவாளர்க்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

காற்றுக்கு எடை உண்டு என்பதை முதலில் நாம் மனத்திற் கொள்ளவேண்டும். நிலமட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எடையுள்ளது. நமக்கு மேலுள்ள காற்று முழுவதும் சேர்ந்து, கடல் மட்டத்தில் ஒரு சதுர செண்டிமீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரமாக அழுத்துகின்றது. இதுவே காற்றழுத்தம். பாரமானி என்னும் கருவியில் இவ்வழுத்தம் ஏறத்தாழ 76 செண்டிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கி நிற்கின்றது.

வெப்பமேறிய காற்று விரிந்து, இலேசாகி மேலெழுகின்றது. அவ்விடத்தில் அழுத்தம் குறைகின்றது. குளிர்ந்த காற்று செறிந்து கனமாயிருப்பதால் அங்கு அழுத்தம் மிகுதி. மேட்டு வயலிலிருந்து மடைவழியே பள்ள வயலுக்கு நீர் பாய்வதுபோல, அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குக் காற்று பாய்கின்றது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெருகப் பெருகக் காற்றின் வேகமும் பெருகும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் வடஇந்திய நிலப்பரப்பு கடலைவிட விரைந்து காய்கின்றது. அங்கே அழுத்தம் குறையவே, இந்துமாக் கடலின் தென்பகுதியிலிருந்து காற்று வடக்கு நோக்கி வருகின்றது. பூமத்திய ரேகையைக் கடந்தபின், பூமி சுழல்வதன் காரணமாக அது வலப்புறம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்று ஆகின்றது. ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளக் கரையை அடைவது இதன் வழக்கம்.

நீராவி நிறைந்த இக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கின்றது. காற்று மலைமீது ஏறுகின்றது, உயரத்தில் அழுத்தம் குறைவாதலால் விரிந்து குளிர்கின்றது, நீராவி மழையாகின்றது. பொதிகையில் பெய்யும் அம்மழையே தாமிரபரணியாக நம்மை அடைகின்றது. குற்றாலத்துச் சாரலும் இதன் கொடையே. நீரை இழந்த காற்று கிழக்குச் சரிவில் இறங்குகையில், நெருக்குண்டு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வெப்பமடைகின்றது. ஆகவே வண்ணார்பேட்டைக்கு வரும்போது அது உலர்காற்றாகிவிடுகின்றது. செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வலுப்பெறும் இக்காற்றே கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகின்றது.

ஐப்பசியில் நிலைமை தலைகீழாகின்றது. ஆசியப் பெருநிலம் குளிர்ந்து அங்கே அழுத்தம் ஏறுகின்றது. காற்று வடகிழக்கிலிருந்து புறப்பட்டு, வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிவருகின்றது. அப்பொழுது மலை நமக்குத் தடையன்று. நம் முன்னோர் மேல்திசைக் காற்றைக் கோடை என்றும், கீழ்திசைக் காற்றைக் கொண்டல் என்றும் அழைத்தனர். கோடை என்னும் சொல் வெப்பத்தையும், கொண்டல் என்னும் சொல் மேகத்தையும் குறிப்பது கருதத்தக்கது.

இவ்வறிவால் விளையும் பயன் யாது? கார் நாற்றங்கால் இடும் உழவர், தம் ஊர் வானத்தைப் பார்த்துத் துணிவு கொள்ளுதல் கூடாது. பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். ஆடிக்கு முன்பே வாழைக்கு முட்டுக் கொடுத்தல் நன்று. மேல்காற்றில் பாவின் கஞ்சி விரைந்து காயும். ஆயினும் நூல் ஈரம் இழந்து எளிதில் அறும். ஆகவே காற்று அடங்கிய விடியற்காலையில் பாவாற்றுதல் தக்கது. கார்த்திகையிலோ கஞ்சி காயாது. வெயில் கண்ட நாளை விடலாகாது.

மற்றொன்றும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக் கடற்பகுதியில் வளிமண்டல மேலடுக்கில் ஒரு சுழற்சி நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலியின் தாழ்ந்த பகுதிகளுள் புகுந்தது. அன்று வந்தது புயலன்று. உயரத்தில் எழும் இத்தகைய சுழற்சி நிலமட்டத்துப் பாரமானியில் பெரிதாகத் தோன்றாமலும் போகலாம். காற்றின் வேகத்தை மட்டும் கண்டு, ஆபத்தில்லை என்று இருந்துவிடுதல் தகாது.

ஆகவே, ஒவ்வொரு சங்க வாயிலிலும் கரும்பலகை ஒன்றை வைத்து, அணையின் நீர்மட்டத்தையும் வானிலை நிலையத்தின் எச்சரிக்கையையும் நாள்தோறும் எழுதிவருதல் வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை, நூல் சிப்பங்களையும் விதைநெல்லையும் தரையில் வையாது பரண்மேல் ஏற்றிவைக்க அங்கத்தினர்களை வேண்டுகின்றோம்.