பளு தூக்கும் போர்க்லிப்ட்

நம் பகுதியின் பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிகளை நாட்டி வைத்தனர் நம் முன்னோர். நிமிர்ந்த இரண்டு கற்கள். அவற்றின்மேல் தோளளவு உயரத்தில் குறுக்காக ஒரு கல். சந்தைக்குச் செல்பவர் தரையில் இறக்கிய சுமையைத் தனியாக மீண்டும் தலைக்கு ஏற்ற முடியாதல்லவா? பெரிய கிடங்குகளிலும் நகர்த்துவதைவிடத் தூக்குவதே கடினம். அதற்கு உதவுவது போர்க்லிப்ட்.

1917-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிளார்க் நிறுவனம், தன் ஆலைக்குள் பொருள்களைக் கொண்டுசெல்ல ஒரு மோட்டார் வண்டி செய்தது. தூக்கும் கரங்கள் பின்னர் வந்தவை. இரண்டாம் உலகப் போரில் தளவாடங்களைப் பலகைத் தட்டுகளில் அடுக்கி ஏற்றியபோது இவ்வண்டி பரவலாயிற்று.

பெரும்பாலும் நாம் காண்பது எதிர்எடை வண்டி. முன்னால் இரண்டு இரும்புக் கரங்கள். பின்னால் கனத்த இரும்புப் பாளம். சீசாப் பலகையை நினைத்துக்கொள்வோம். முன்சக்கரமே ஆதாரப் புள்ளி. 2 டன் வண்டி எந்த 2 டன்னையும் தூக்கிவிடாது. சுமையின் மையம் கரங்களின் அடியிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருந்தால்தான் அந்தக் கணக்கு. சக்கர அச்சுக்கும் கரத்தின் அடிக்கும் இடையே 45 செ.மீ. என்று கொண்டால், 2 × 95 = 190. நீளமான பெட்டியாகி மையம் 75 செ.மீ.க்குப் போனால், 190 ÷ 120, அதாவது 1.6 டன்னுக்கும் சற்றுக் குறைவு! மீறினால் பின்சக்கரங்கள் மேலெழும். வண்டி திரும்புவது பின்சக்கரங்களால்தான் என்பதால், திருப்பித் தப்பவும் வழியில்லை.

நம் மாவட்டத்து முந்திரிப் பருப்பு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறுகிறது. 20 அடிக் கொள்கலனில் 50 பவுண்டுப் பெட்டிகள் 700, ஏறக்குறைய 16 டன். அதன் வாசலின் உயரமோ 2.3 மீட்டருக்கும் குறைவு. உள்ளே நுழைந்து அடுக்கும் வண்டியில், தூண் உயராமல் கரங்கள் மட்டும் உயரவேண்டும். இல்லையேல் தூண் கூரையை இடிக்கும். உணவுப்பொருளருகே டீசல் புகை ஆகாது. மின்கல வண்டியே தகும்.

எதிர்எடை வண்டி திரும்புவதற்கு ஏறத்தாழ மூன்றரை மீட்டர் அகல வழி வேண்டும். நிலம் விலையேறிய நகரங்களில் அவ்வளவு இடத்தைச் சும்மா விடுவார்களா? அங்கே ரீச் டிரக் உண்டு. முன்னே இரு கால்களை நீட்டித் தரையில் ஊன்றியிருப்பதால் அதற்குப் பெரிய பாளம் தேவையில்லை. மூன்று மீட்டருக்குள் திரும்பி, 10 மீட்டர் உயர அடுக்கையும் எட்டும். ஆனால் தரை வழவழவென்று சமமாக இருக்கவேண்டும். மரத்தடிகளுக்கும் நீண்ட குழாய்களுக்கும் பக்கவாட்டில் தூக்கும் வண்டி தனி. கையால் இழுக்கும் பேலட் டிரக் சுமையைச் சில அங்குலமே உயர்த்தும். எஞ்சினும் ஓட்டுநரும் வேண்டாத இந்த ஏழை வண்டியையே நாங்கள் அதிகம் மெச்சுகிறோம்.

சுமையோடு சரிவில் இறங்கும் வண்டி பின்னோக்கியே வரவேண்டும். பக்கவாட்டில் கவிழ்ந்தால் ஓட்டுநர் குதிக்கவே கூடாது. குதித்தவர்மேல் கூரைச் சட்டமே விழுந்து நசுக்கும். இருக்கைப் பட்டையை அணிந்தபடி, திருப்புச் சக்கரத்தை இறுகப் பற்றி, கவிழும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்துகொள்ள வேண்டும்.