குடும்பத்தோடு முகாம் போக எந்த டிரெய்லர்?

அமெரிக்கா, கனடாவில் டிரெய்லர் வாங்கப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

• எஸ்.யூ.வி. இருந்தால் டிராவல் டிரெய்லர்தான் பொருந்தும். வண்டியின் பின்பக்கக் கொக்கியில் மாட்டலாம். ஃபிஃப்த் வீல் வகை டிரெய்லருக்கு பிக்கப் டிரக் வேண்டும். அதன் முன்பகுதி டிரக்கின் பின் அச்சுக்கு மேலே அமர்வதால் சாலையில் ஆட்டம் குறைவு. ஆனால் டிரக்கில் சாமான் ஏற்றும் இடம் போய்விடும்.

• இழுக்கும் திறனை மட்டும் பார்க்காதீர்கள். வண்டி எவ்வளவு சுமக்கும் என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டிராவல் டிரெய்லர் எடையில் 10–15 சதவீதமும், ஃபிஃப்த் வீல் எடையில் 15–25 சதவீதமும் வண்டியின் மேல் இறங்கும். குழந்தைகள், சாமான்கள் எடையையும் அதோடு கூட்டுங்கள்.

• காலி எடையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 40 கேலன் தண்ணீரே 330 பவுண்டைத் தாண்டும்.

• போகும் இடத்தின் நீள வரம்பை விசாரியுங்கள். கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங்-டு-த-சன் மலைச்சாலையில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 21 அடியைத் தாண்டக் கூடாது.

• பழைய டிரெய்லர் என்றால் மூலைகளையும் ஜன்னலடியையும் விரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே நீர் கசிந்திருக்கிறது, வேண்டாம். டயரின் வயதையும் பாருங்கள்: அதிலுள்ள டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றால், அது 2019-இன் 23-ஆம் வாரத்தில் தயாரானது.

• முதலில் அதே அளவு டிரெய்லரை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினால் மட்டும் வாங்குங்கள்.