பாதி அறுந்த ஃபைபரில் போர்ட்டை மூடத்தான் வேண்டும்

ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் அனுப்ப ஓர் இழை, பெற ஓர் இழை. ஒன்று மட்டும் பழுதானால் போர்ட்டின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். நடுவில் மீடியா கன்வெர்ட்டர் இருந்தால் இந்த வாய்ப்பு இன்னும் அதிகம். முழுதாக அறுந்த கேபிளைவிட இதுவே ஆபத்து. அறுந்துவிட்டால், லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ மாற்றுவழிக்குப் போய்விடும். பாதி அறுந்தாலோ, அதுவரை அடைத்து வைத்திருந்த போர்ட்டுக்கு ஸ்பானிங் ட்ரீயின் பிபிடியூ செய்தி வருவது நின்றுபோகும். எதிரே யாரும் இல்லை என்று கொண்டு அது தானே திறந்துகொள்ளும். பழைய ஸ்பானிங் ட்ரீயின் இயல்பு அளவுகளில் அதற்கு ஆவது 20, 15, 15 என மொத்தம் 50 வினாடிகள். பிறகு லூப், பிராட்காஸ்ட் புயல். அதனால்தான், மாற்றுவழி உள்ள ஸ்விட்ச் இணைப்புகளில் இப்படி ஒருவழியாகிப்போன இணைப்பைக் கண்டறியும் சிஸ்கோவின் யூடிஎல்டியை அக்ரசிவ் முறையில் வைக்க வேண்டும் என்கிறேன்.

நார்மல் முறையும் போர்ட்டை மூடும். ஆனால் அண்டை ஸ்விட்ச்சின் யூடிஎல்டி செய்தியில் நம் அடையாளம் திரும்பி வராதபோதுதான். செய்தியே வராமல் போனால் ‘நிலை தெரியவில்லை’ என்று குறித்துவிட்டு போர்ட்டைத் திறந்தே விடும். அக்ரசிவ் முறை அப்போது வினாடிக்கு ஒன்றாக 8 முறை கேட்டுப் பார்த்து, பதில் இல்லையென்றால் எர்-டிசேபிள் செய்து போர்ட்டை மூடும். செய்தி இடைவெளி இயல்பில் 15 வினாடி. கண்டுபிடிக்க ஏறத்தாழ மூன்று இடைவெளிகள் ஆகும் என்பதால் 50 வினாடிக்கு முன்பே மூடும் என்று நம்ப முடியாது. இடைவெளியை 7 வினாடியாகக் குறைப்பது நல்லது. ராபிட் ஸ்பானிங் ட்ரீயில் 6 வினாடியிலேயே பிபிடியூவின் ஆயுள் முடிவதால் பிபிடியூ நின்றாலும் போர்ட்டைத் திறக்கவிடாத லூப் கார்டும் கட்டாயம் வேண்டும். அப்படியானால் லூப் கார்டு மட்டும் போதாதா? போதாது. தொடக்கத்திலிருந்தே இழைகள் மாற்றிச் செருகப்பட்டிருந்தால் அது காப்பாற்றாது.

ஸ்விட்ச்சின் சிபியூ திணறி செய்திகள் தவறினால் நல்ல இணைப்பையே அக்ரசிவ் முறை மூடிவிடும் என்பார்கள். உண்மைதான். மாற்றுவழி இருக்கும் இடத்தில் அந்த இழப்பைத் தாங்கலாம். ஒரே ஒரு அப்லிங்க்கில் தொங்கும் கிளை ஸ்விட்ச்சில் தாங்க முடியாது. அங்கே லூப்புக்கும் வழியில்லை, ஆகவே நார்மல் முறை போதும். 300 வினாடிக்குப் பிறகு போர்ட்டைத் தானே திறக்கும் வசதியை யூடிஎல்டிக்குப் போடாதீர்கள். மறுபடி எழும் போர்ட் அண்டையின் குரலை ஒருமுறைகூடக் கேட்காவிட்டால் அக்ரசிவ் முறை அதை மூடாது. பழுது அப்படியே இருக்க, காவல் மட்டும் போய்விடும். கேபிளைச் சோதித்த பிறகு ஓர் ஆள் கையால் திறக்கட்டும்.