இலண்டனும் சிட்னியும்

இலண்டன் மாநகருக்கும் ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னி நகருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் ஆகும். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இவ்விரு நகரங்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு அரேபியாவைக் கடந்து தென்னிந்தியாவை ஒட்டிச் செல்லும். ஆனால், உலக உருண்டையின்மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால், அந்நூல் உருசியாவின்மீதும் சீனத்தின்மீதும் செல்வது புலப்படும். உருண்டையின்மீது மிகக் குறுகிய வழி அதுவே. மேற்கூறிய அளவும் அவ்வழிக்கு உரியதே.

தொலைவு மாறுவதில்லை. அதனைக் கடக்கும் காலமோ நூறாண்டுக்குள் வியக்கத்தக்க வகையில் குறுகிவிட்டது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவிற்கு முப்பது நாட்களுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்குப் பதினாயிரம் பவுன் பரிசளிப்பதாக அந்நாட்டு அரசு 1919ஆம் ஆண்டில் அறிவித்தது. இராஸ் சுமித், கீத் சுமித் என்னும் உடன்பிறந்தார் இருவரும், பொறிவல்லார் இருவரும் திறந்த விமானம் ஒன்றில் நவம்பர் 12ஆம் நாள் புறப்பட்டனர். சாவகத் தீவிலுள்ள சுரபாயாவில் விமானத்தின் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. ஊர்மக்கள் மூங்கிற் பாய்களைக் கொணர்ந்து பரப்பி ஓடுபாதை அமைத்துக் கொடுத்தனர். டிசம்பர் 10ஆம் நாள் அவர்கள் ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரை அடைந்து பரிசினைப் பெற்றனர். அவ்விருபத்தெட்டு நாட்களில் அவர்கள் வானில் இருந்தது ஏறத்தாழ 135 மணி நேரமே. எஞ்சிய காலமெல்லாம் தரையிற் கழிந்தது!

1935ஆம் ஆண்டில் பயணிகளுக்கான விமானப் போக்குவரத்து இவ்வழியில் தொடங்கியது. ஆயினும், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் வசமானதும் வழி அறுபட்டது. அறுந்த வழியை எவ்வாறு இணைப்பது? இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கல ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் மேற்கிலுள்ள பெர்த் நகருக்கும் இடையே இந்தியப் பெருங்கடல் 5,600 கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. 1943 முதல் 1945 வரை ‘காட்டலினா’ என்னும் கடல் விமானங்கள் எங்கும் இறங்காமல் அதனைக் கடந்தன. எதிரிகள் அறியாதிருக்க வானொலியைப் பெரும்பாலும் நிறுத்திவைத்து, விண்மீன்களைக் கொண்டே திசையறிந்தனர். ஒரு பயணம் 27 மணி முதல் 33 மணி வரை நீண்டது. ஒரே பயணத்தில் கதிரவன் இருமுறை உதிப்பதைக் கண்டதால், அதற்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்னும் பெயர் ஏற்பட்டது. எரிபொருளே பெருஞ்சுமையாயிற்று; ஆதலின் பயணிகள் மூவரையும் எழுபது கிலோகிராமுக்கும் குறைவான அஞ்சலையுமே ஏற்ற முடிந்தது. இருநூற்றுக்கு மேற்பட்ட அப்பயணங்களில் ஒரு விமானமேனும் அழியவில்லை.

போருக்குப் பின், 1947இல், சிட்னியிலிருந்து இலண்டனுக்கு நான்கு நாட்களிற் செல்ல முடிந்தது. தாரை விமானங்கள் வந்தபின் அது ஏறத்தாழ ஒரு நாளாகச் சுருங்கியது. 2018 முதல் பெர்த்திலிருந்து இலண்டனுக்கு இடையில் நில்லாமலே பதினேழு மணி நேரத்திற் பறக்கின்றனர்.

2019 நவம்பரில் இலண்டனிலிருந்து சிட்னிக்கு நில்லாமற் செல்லும் சோதனைப் பயணம் ஒன்று நிகழ்ந்தது. அவ்விமானம் 17,800 கிலோமீட்டர் பறந்து, 19 மணி 19 நிமிடத்தில் சிட்னியை அடைந்தது. மேற்கிலிருந்து கிழக்காக உயர்வானில் வீசும் விரைவுக் காற்று கிழக்கே செல்லும் விமானங்களுக்குத் துணைபுரிவது. எதிர்த்திசையிற் செல்வோருக்கு அதுவே தடை. இருநூறு பேருக்கு மேல் அமரத்தக்க அவ்விமானத்தில் ஏறியோர் ஏறத்தாழ ஐம்பதின்மரே. இவ்வளவு தொலைவிற்கு வேண்டிய எரிபொருளைச் சுமக்கும்பொருட்டு, ஏனைய இருக்கைகள் வெறுமையாக விடப்பட்டன.